இணையத்தில் பொதுவில் கிடக்கும் மனிதர்களின் படங்களை அனுமதி கேட்காமல் ஆய்வுக்கு எடுக்கலாமா?

இதைக் கேட்பவர்கள் பெரும்பாலும் படங்களை இறக்கி வைத்துவிட்டுத்தான் கேட்கிறார்கள். நீங்களும் அப்படித்தான் என்று வைத்துக்கொள்கிறேன். எண்ணுவதற்கும் வகை பிரிப்பதற்கும் பெரும்பாலும் எடுக்கலாம். படத்தையே கட்டுரையில் போடுவது வேறு. அதற்கு, படத்தில் இருப்பவரைக் கேட்டே ஆக வேண்டும்.

"யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்ற கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம் இருக்கிறதே" என்பீர்கள். அது படம் எடுத்தவரின் பதிப்புரிமையைப் பற்றியது. படத்தில் இருப்பவர் எதற்கும் ஒப்புக்கொள்ளவில்லை. 2019-ல் ஃப்ளிக்கர் என்ற படப் பகிர்வுத் தளத்திலிருந்து சுமார் பத்து லட்சம் முகங்களை ஐபிஎம் தொகுத்தபோது சர்ச்சை வெடித்தது இதனால்தான்.

முகத்தை மங்கலாக்கினால் போதும் என்பது அதைவிடப் பெரிய தவறு. பின்னணிச் சுவர், பச்சை குத்தல், சட்டையின் அச்சு, இதில் ஏதாவது ஒன்று இருந்தாலே, படத்தைக் கொடுத்து இணையத்தில் தேடும் தலைகீழ்ப் படத்தேடல் மூலப் பதிவைக் கண்டுபிடித்துவிடலாம். மறைத்த படத்தையே தேடலில் போட்டுப் பாருங்கள். மூலம் வந்தால் மறைத்ததில் பயனில்லை. லேசான மங்கலும் மொசைக்கும் நம்பத்தக்கவை அல்ல. ஒரே நிறக் கட்டம் போட்டு மூடுங்கள். கேமரா கோப்புக்குள் எழுதிவைக்கும் எக்ஸிஃப் தகவலையும் அழியுங்கள். எடுத்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை அதில் இருக்கலாம். சில மென்பொருள்கள் படத்தை வெட்டிய பிறகும் வெட்டாத பழைய சிறுபடத்தை அதிலேயே விட்டுவைக்கும். இதைக் கவனிப்பவர்கள் மிகக் குறைவு. உதாரணம் காட்டியே ஆக வேண்டுமென்றால் கோட்டோவியமாக வரையச் சொல்லுங்கள், அல்லது சொற்களில் விவரியுங்கள்.

சட்டம் தெரியாமல் பேசுவதாக நினைக்க வேண்டாம். அமெரிக்க விதிகளில் பொதுவில் கிடைக்கும் தரவுக்கு நெறிக்குழுப் பரிசீலனையிலிருந்து விலக்கு உண்டு. ஐரோப்பியச் சட்டத்தில், பொதுவில் இருந்தாலும் அது தனிநபர் தரவுதான். ஆனால் விலக்கு கிடைத்ததும் பொறுப்பும் முடிந்தது என்று, ஆய்வின் நெறியைப் பரிசீலிக்கும் இந்த நெறிக்குழுக்களே நடந்துகொள்வதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. நோயோ துக்கமோ பற்றி நண்பர்கள் பார்க்கட்டும் என்று போட்ட படத்துக்கும் விளம்பரப் படத்துக்கும் படிவத்தில் ஒரே கட்டம்தான்.

தரவை வெளியிட வேண்டுமென்று இதழ் வற்புறுத்தினால் படங்களைக் கொடுக்காதீர்கள். படங்களுக்கு நீங்கள் இட்ட வகைக் குறியீடுகளை மட்டும் கொடுங்கள். மிஞ்சினால் இணைப்புகளை, அதுவும் கேட்பவர் யார் என்று பார்த்து. எம்எஸ்-செலெப்-1எம் என்ற முகப்படத் தொகுப்பை மைக்ரோசாஃப்ட் 2019-ல் திரும்பப் பெற்ற பிறகும் நகல்கள் சுற்றிக்கொண்டே இருந்தன. வெளியிடும் முன் எல்லா இணைப்புகளையும் மறுபடி திறந்து பாருங்கள். உரியவர் நீக்கியிருந்தால் உங்களிடம் உள்ள நகலையும் நீக்கிவிட்டு, எத்தனை போயின என்று கட்டுரையில் எழுதுங்கள்.