ஸ்பானியத் தொடர்களில் அடிக்கடி வரும் 'காயத்தே' என்றால் என்ன? அதை எப்படி எழுதுவது?

"வாயை மூடு." பொருள் அவ்வளவுதான்.

எழுத்துதான் வம்பு. சி, ஏ, இரண்டு எல், ஏ, டி, ஈ. முதல் ஏ-யின் தலையில் ஒரு சாய்கோடு. நீங்கள் காதில் விழுந்ததை வைத்து ஒய் போட்டுத் தேடியிருப்பீர்கள். பரவாயில்லை, இரட்டை எல்லும் ஒய்யும் பெரும்பாலான ஸ்பானியர் வாயில் ஒன்றாகிவிட்டன. அவர்களே அப்படித் தப்பாக எழுதுவார்கள். நம்மூரில் வாழைப்பழம் 'வாளப்பளம்' ஆன கதைதான்.

அந்தச் சாய்கோட்டால் நான் பட்ட அவமானம் தனி. மாட்ரிட்டில் மூன்று பேரோடு ஒரு வீட்டில் இருந்தேன். அதில் ஒருவன் அர்ஜென்டினாவின் புவெனஸ் அய்ரெஸ்காரன். நான் ஸ்பானிய மொழியில் பி1 என்ற இடைநிலைத் தேர்வு பாஸான வாரம் அது. வாடகையில் 80 யூரோ ஏற்றிவிட்டார்கள் என்று வாட்ஸப் குழுவில் போட்டேன். அவன் பதில் இந்த ஒரே சொல். கோடு இல்லாமல்! எனக்குச் சுர்ரென்று ஏறியது. "முதலில் கோட்டைப் போடு, அப்புறம் என் வாயை மூடலாம்" என்று எழுதினேன்.

ராத்திரி சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டே விளக்கினான். அவர்கள் ஊரில் நீ என்பதற்கு 'தூ' இல்லை, 'வோஸ்'. அதனால் அழுத்தம் ஓர் அசை தள்ளிப் போய் 'கஷாத்தே' ஆகிறது. இரட்டை எல் அங்கே 'ஷ'. கடைசிக்கு முந்தைய அசையில் அழுத்தம் விழுந்து, சொல் உயிரெழுத்தில் முடிந்தால் கோடு கூடாது. ஸ்பெயினில் இன்னும் ஓர் அசை முன்னால் விழுவதால் கோடு கட்டாயம். ஆக, அவன் எழுதியது சரி. அதோடு அவன் என்னைத் திட்டவும் இல்லை. "அட, சும்மா இரு!" என்று நாம் வியந்து சொல்வோமே, அது.

ஸ்பெயின் வழக்குதான் சுத்தம் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். ஸ்பானிய மொழிக்கு விதி வகுக்கும் ஸ்பானிய அகாதெமியின் அகராதியே வினை அட்டவணையில் வோஸ் வடிவத்தையும் சேர்த்துத்தான் தருகிறது. 600 யூரோ வாங்கிய என் வகுப்பில்தான் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

பெரியவர்களிடம் 'காயெசே' என்று மரியாதை வடிவம் உண்டு. ஆனால் வாயை மூடுங்கள் என்றாலும் உதைதான். 2007இல் சிலி நாட்டின் சாந்தியாகோவில் நடந்த உச்சி மாநாட்டில் ஸ்பெயின் மன்னர் ஹுவான் கார்லோஸ், வெனிசுவேலா அதிபர் சாவேஸைப் பார்த்து "நீ ஏன் வாயை மூடக் கூடாது?" என்று கேட்டது இதே வினைச்சொல்லில்தான். அது ரிங்டோனாகவே ஓடியது.

அந்த 80 யூரோவைக் கடைசிவரை கட்டினேன். குளியலறை ஹீட்டரை மட்டும் நான் காலிசெய்யும்வரை ஓனர் சரிசெய்யவில்லை.