ஆங்கிலமே தெரியாத இரண்டு அகதிப் பிள்ளைகள் என் வகுப்பில் சேர்ந்திருக்கிறார்கள். ஆசிரியராக நான் எப்படி உதவுவது?

ரொறன்ரோவில், ஸ்காபரோ பக்கம் ஒரு தொடக்கப் பள்ளியில் 14 வருடமாகப் புதிதாக வந்த பிள்ளைகளுக்கு ஆங்கிலம் கற்பிக்கிறேன். நானும் 1990களில் யாழ்ப்பாணத்திலிருந்து ஒன்பது வயதில் இங்கே வந்தவள்தான்.

முதல் சில மாதங்கள் அந்தப் பிள்ளைகள் வாயே திறக்காமல் இருக்கலாம். பயப்படாதீர்கள், காது வேலை செய்துகொண்டுதான் இருக்கும். அந்த நேரத்தில் எழுப்பி நிறுத்தி உரக்க வாசிக்கச் சொல்லிவிடாதீர்கள். எனக்கு அது நடந்தது. வாசிப்புப் பாடம் உள்ள நாளெல்லாம் வயிற்றுவலி என்று படுத்துக்கொள்வேன்; அம்மா உண்மையென்று நம்பி ஓமம் அவித்துத் தருவார். வாய் திறக்காத பிள்ளை படத்தைத் தொட்டுக் காட்டட்டும், வரைந்து காட்டட்டும், பக்கத்தில் இருப்பவரோடு சேர்ந்து செய்யட்டும்.

இன்னொன்று, தீயணைப்பு ஒத்திகை. மணி அடிக்கப் போகிறது, இது பயிற்சி மட்டும்தான் என்று அவர்கள் மொழியில் முன்கூட்டியே யாராவது சொல்லவேண்டும். பதுங்குகுழிக்குள் இருந்துவிட்டு வந்த பிள்ளைக்கு அந்தச் சத்தம் வேறு எதையோ நினைவுபடுத்தும்.

ஆனால் நான் முக்கியமாகச் சொல்ல நினைப்பது இரண்டாம் வருடத்தைப் பற்றி. அப்போதுதான் நாங்கள் ஆசிரியர்கள் ஏமாறுகிறோம். பிள்ளை விளையாட்டு மைதானத்தில் சரளமாகப் பேசுகிறது, சண்டைகூடப் பிடிக்கிறது. சரி, ஆங்கிலம் வந்துவிட்டது என்று உதவியை நிறுத்திவிடுகிறோம்.

ரொறன்ரோப் பல்கலைக்கழகத்தின் ஜிம் கம்மின்ஸ் இதை 1979லேயே பிரித்துக் காட்டினார். அன்றாடப் பேச்சுக்கு ஏறக்குறைய இரண்டு வருடம் போதும்; பாடப்புத்தக மொழியில் மற்றவர்களை எட்டிப்பிடிக்க ஐந்து வருடமோ அதற்கு மேலோ ஆகும். தமிழர்களுக்கு இது புரியாத விஷயமல்ல. இங்கே வளர்ந்த எங்கள் பிள்ளைகள் அம்மம்மாவோடு தமிழில் கலகலவென்று பேசுவார்கள்; ஒரு தமிழ்ப் பத்திரிகையைக் கையில் கொடுத்தால் முழிப்பார்கள்.

2015 நவம்பருக்கும் 2016 பெப்ரவரிக்கும் இடையில் 25,000க்கும் மேற்பட்ட சிரிய அகதிகள் கனடா வந்தார்கள். அப்படி வந்த குடும்பத்துச் சிறுமி ஒருத்தி என்னிடம் படித்தாள். ஆறாம் வகுப்பில் கணக்குத் தாளைப் பார்த்து அப்படியே உட்கார்ந்திருந்தாள். சராசரியைக் கண்டுபிடிக்கச் சொல்லியிருந்தார்கள். அதற்கு ஆங்கிலத்தில் 'மீன்' என்பார்கள். அவளுக்குத் தெரிந்த 'மீன்', மைதானத்தில் மற்றவர்களிடம் கெட்டதனமாக நடந்துகொள்ளும் பிள்ளை. எண்களுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? சராசரி என்பதற்கான அரபுச் சொல்லைக் காட்டியதும் இரண்டு நிமிடத்தில் கணக்கை முடித்துவிட்டாள். அவளுக்குக் கணக்கு வராது என்று அதற்குள் யாரோ எழுதியும் வைத்துவிட்டார்கள்.

அதிலிருந்து ஒவ்வொரு பாடத்துக்கும் முன்னால் இப்படி இடறக்கூடிய ஐந்தாறு சொற்களை எடுத்து, படத்தோடும் பிள்ளையின் மொழியோடும் சொல்லிவிட்டுத்தான் தொடங்குகிறேன். 'டேபிள்' என்றால் மேசை மட்டுமல்ல, அட்டவணையும்தான். 'வொலியூம்' தொலைக்காட்சிச் சத்தம் மட்டுமல்ல, கன அளவும்தான். கதை எழுதச் சொன்னால் முதலில் தாய்மொழியில் எழுதவிடுகிறேன். யோசனை முழுதாக வந்த பிறகு ஆங்கிலத்துக்குக் கொண்டுபோவது எவ்வளவோ சுலபம்.

வீட்டிலும் இனி ஆங்கிலத்தில்தான் பேசவேண்டுமா என்று பெற்றோர் தயங்கித் தயங்கிக் கேட்பார்கள். வேண்டவே வேண்டாம். வீட்டு மொழியில் கதை சொல்லட்டும், சமையலைப் பற்றிப் பேசட்டும், திட்டக்கூடச் செய்யட்டும்.

அப்புறம், உங்கள் இரண்டு பிள்ளைகளும் முன்பு எத்தனை வருடம் பள்ளிக்கூடம் போனார்கள் என்று விசாரித்தீர்களா? முகாமில் வளர்ந்து படிப்பு அறுந்துபோன பிள்ளைக்குத் தாய்மொழியிலும் எழுத்து தெரியாமல் இருக்கலாம். ஒன்ராறியோவில் அப்படிப்பட்டவர்களுக்கு வழக்கமான இரண்டாம் மொழி ஆங்கில வகுப்பு இல்லை, அடிப்படை எழுத்தறிவையும் சேர்த்துக் கற்பிக்கும் வேறு திட்டம் இருக்கிறது. இதைப் பெற்றோரிடம் கேட்கும்போது ஒரு மொழிபெயர்ப்பாளரை வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பிள்ளையையே மொழிபெயர்க்கச் சொல்லிவிடாதீர்கள்.