அவர் கையெழுத்துப் போட மறுத்தால் விவாகரத்து கிடைக்குமா?

மதுரை வாசகி ஒருவர் எழுதுகிறார்: "மூன்று வருடமாக அம்மா வீட்டில் இருக்கிறேன். அடி, குடி என்று கணவர்மேல் சொல்ல எதுவுமில்லை, மனசு ஒட்டவில்லை. அவர் சம்மதிக்க மறுக்கிறார். குற்றம் சொல்லாமல் பிரிய முடியுமா?"

சகோதரி, நீங்கள் இந்து திருமணச் சட்டத்தின்படி மணந்தவர் என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன். இருவரும் சம்மதித்தால் முடியும். 1976-இல் சேர்க்கப்பட்ட 13-பி பிரிவில், ஓராண்டு பிரிந்து வாழ்ந்த தம்பதி சேர்ந்து மனுப் போடலாம். காரணம் விளக்க வேண்டியதில்லை. மனுப் போட்டபின் உள்ள ஆறு மாதக் காத்திருப்பைத் தகுந்த வழக்குகளில் நீதிமன்றம் தளர்த்தலாம் என்று 2017-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனால் தீர்ப்பு வருமுன் ஒருவர் சம்மதத்தைத் திரும்பப் பெற்றால் மனு நிற்காது.

'இனி ஒட்டவே ஒட்டாது' என்பதை மட்டும் வைத்து ஒருவர் தனியாகக் கேட்டால், குடும்பநல நீதிமன்றம் விவாகரத்து தர முடியாது. அதையும் ஒரு காரணமாகச் சேர்க்கலாம் என்று சட்ட ஆணையம் 1978-லேயே பரிந்துரைத்தும் இன்னும் சட்டமாகவில்லை. பெண்கள் பல ஆண்டுகள் அலைவதற்கு இதுவே பெரிய காரணம் என்பது என் உறுதியான கருத்து. 2023 மே மாத அரசியல் சாசன அமர்வுத் தீர்ப்பு உச்ச நீதிமன்றத்துக்கு மட்டும், அரசியல் சாசனத்தின் 142-ஆம் பிரிவின் கீழ், அப்படி விவாகரத்து தரும் அதிகாரம் உண்டு என்றது. நேரடியாக அங்கே போய்க் கேட்கவும் முடியாது.

பலருக்குத் தெரியாத வாசல் ஒன்று உண்டு. 'மனைவி வந்து சேர்ந்து வாழ வேண்டும்' என்று உங்கள் கணவர் இந்து திருமணச் சட்டத்தின் 9-ஆம் பிரிவில் மனுப் போட்டுத் தீர்ப்பு வாங்கி, அதன்பின் ஓராண்டு சேராமலே கழிந்தால், இருவரில் யாரும் அதையே காரணமாக்கி விவாகரத்து கேட்கலாம். அப்படி நோட்டீஸ் வந்தால் பதறாதீர்கள்.

'கொடுமை என்று எழுதிவிடலாம்' என்று யாராவது சொன்னால் தயவுசெய்து கேட்காதீர்கள். குறுக்கு விசாரணையில் பொய் நிற்காது; பொய்ப் புகாரே அவருக்கு இழைத்த கொடுமையாகிவிடும். கைவிட்டுப் போனார் என்ற காரணமும் உங்களுக்குப் பொருந்தாது, வீட்டைவிட்டு வந்தவர் நீங்கள்.

ஆகவே சமரசப் பேச்சுக்கு முயலுங்கள். நகை, ஜீவனாம்சம், குழந்தை இருந்தால் யாரிடம் வளரும் என்பதை எழுத்தில் முன்வையுங்கள். மறுப்பவர் பலர் பயப்படுவது பிரிவுக்கு அல்ல, இந்தக் கணக்குக்குத்தான்.