தொடைக்கறியில் ஸ்டேக் போட்டால் ஏன் ரப்பராகிறது?

கேள்வி: ஆம்பூரில் இருக்கிறோம். மகன் ஆசைப்பட்டான் என்று மாட்டுத் தொடைக்கறி அரை கிலோ வாங்கி, விரல் தடிமனுக்கு வெட்டி, தவாவில் ஸ்டேக் போட்டேன். இருபது நிமிடம் வெந்தும் மெல்ல முடியவில்லை. அண்டர்கட் (முதுகெலும்புக்கு அடியில் இருக்கும் மெத்தென்ற கறி) வாங்கக் கட்டுப்படியாகாது. இந்தக் கறியிலேயே வழி உண்டா?

பதில்: நிச்சயம் உண்டு. கறியைக் கெடுத்தது அந்த இருபது நிமிடம்தான். தொடை, மாடு நடந்து நடந்து உரமேறிய சதை. சூடு 60 டிகிரியைத் தாண்டியதும் அதன் நார்கள் இறுகிச் சாற்றை வெளியே தள்ளிவிடும். நார்களைப் பிணைத்திருக்கும் ஜவ்வு கரைவதற்கோ 70, 80 டிகிரிக்கு மேல் வெகுநேரம் ஆகும். இருபது நிமிடத்தில் இறுக்கம் மட்டும்தான் மிஞ்சும். ஆகவே ஓரிரு நிமிடத்தில் இறக்கிவிட வேண்டும், இல்லையென்றால் ஒன்றரை மணி நேரம் பொறுக்க வேண்டும்.

சீக்கிரம் முடிக்க நினைத்தால் எல்லாம் வெட்டுவதில்தான் இருக்கிறது. கடையில் பிரியாணித் துண்டாகப் போடச் சொல்லாமல் முழுத் துண்டாக வாங்குங்கள். வெளிச்சத்தில் உற்றுப் பார்த்தால் நார்கள் ஒரே பக்கமாகக் கோடு கோடாக ஓடுவது தெரியும். கத்தி அந்தக் கோடுகளுக்குக் குறுக்கே போக வேண்டும். நீளவாக்கில் வெட்டினால் முழு நாரையும் பல்தான் அறுக்க வேண்டியிருக்கும். ஃப்ரீசரில் அரை மணி நேரம் வைத்தால் கறி கெட்டிப்பட்டு, கால் அங்குலத்துக்கு மெலிதாக அழகாக அறுபடும்.

துருவிய பப்பாளிக்காய் ஒரு ஸ்பூன், உப்பு, மிளகு போட்டுப் பிசறி, முக்கால் மணி நேரம் ஃப்ரிட்ஜில் வையுங்கள். ராத்திரி முழுக்க ஊறவிட்டால் கறி மாவாகிவிடும். அப்புறம் ஈரத்தைத் துணியால் நன்றாக ஒற்றி எடுங்கள், ஈரம் இருந்தால் கறி சிவக்காது. இரும்பு தோசைக்கல் புகையும் அளவுக்குக் காய்ந்ததும், நாலு துண்டுக்கு மேல் போடாமல், பக்கத்துக்கு ஒரு நிமிடம் வாட்டி எடுங்கள்.

இன்னொன்று. காலையில் அறுத்த கறியை அன்றைக்கே சமைப்பது நம் பழக்கம். குழம்புக்குச் சரி, ஸ்டேக்குக்குச் சரிவராது. அறுத்த சில மணி நேரத்தில் சதை விறைத்துக்கொள்ளும், அது தளர ஓரிரு நாள் ஆகும். மூடிய பாத்திரத்தில் ஃப்ரிட்ஜின் அடித்தட்டில் இரண்டு நாள் வைத்துப் பாருங்கள், வித்தியாசம் தெரியும். நம் வேலூர்ப் பக்கத்து வெயிலில் வெளியே மட்டும் வைத்துவிடாதீர்கள்.

தடித்த துண்டுதான் வேண்டும் என்றால் இரண்டாவது வழி. எனக்குப் பிடித்தது இதுதான். துண்டை முழுசாக இருபக்கமும் சிவக்க விட்டு, வெங்காயம், தக்காளி, இஞ்சி பூண்டு, ஆம்பூர் பிரியாணிக்கு அரைப்பதுபோல ஊறவைத்து அரைத்த காய்ந்த மிளகாய் விழுது, ஒரு டம்ளர் தண்ணீர் சேர்த்து, மூடி, சிறு தீயில் ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம் விடுங்கள். குக்கரில் சூடு 120 டிகிரி வரை போவதால், முதல் விசிலுக்குப் பிறகு சிம்மில் அரை மணி நேரம் போதும். கரைந்த ஜவ்வு குழம்பில் இறங்கி, உதட்டில் ஒட்டுகிற மாதிரி வரும். இதற்குத் தொடையைவிடக் கழுத்துக்கறியும் கால்கறியும் இன்னும் ருசி.

அன்று போட்ட ஸ்டேக் மிச்சம் ஃப்ரிட்ஜில் இருந்தால் தூக்கிப் போடாதீர்கள். மெலிதாகக் குறுக்கே அரிந்து, அரை டம்ளர் தண்ணீரோடு குக்கரில் சிம்மில் இருபது நிமிடம் வேகவிட்டு, தண்ணீர் சுண்டியதும் மிளகும் கறிவேப்பிலையும் போட்டு வறுத்துக் கொடுங்கள். மகன் சாப்பிடுவான்.