பிடுங்கப்பட்ட கன்றுகளுக்காக வருந்தும் நண்பருக்கு

பொதுப் பூங்காவில் அனுமதி கேட்காமல் நட்ட கன்றுகளை ஊழியர்கள் பிடுங்கிவிட்டார்கள், இனி ஞாயிறுதோறும் இரண்டு மணி நேரத்தை எப்படிப் பயன்படுத்துவது என்று கேட்டிருந்தீர்கள். உங்கள் வருத்தம் புரிகிறது. ஆனால் அவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது: மண்ணுக்கடியில் குழாயோ மின்கம்பியோ போகலாம்.

பூங்கா மேற்பார்வையாளரை நேரில் பாருங்கள். "என்ன நடலாம்?" என்று கேட்க வேண்டாம், "எந்த வேலைக்கு ஆள் போதவில்லை?" என்று கேளுங்கள். நடுவதற்கு ஆள் எளிதில் கிடைக்கும், நட்டதைப் பார்த்துக்கொள்ளத்தான் கிடைக்காது. இளங்கன்றுக்கு முதல் இரண்டு மூன்று ஆண்டுகள் வறண்ட காலத்தில் தண்ணீர் ஊற்றியே ஆக வேண்டும். அடியைச் சுற்றி 5 முதல் 10 சென்டிமீட்டர் உயரத்துக்குச் சருகு மூடாக்கு போடுங்கள். தண்டோடு ஒட்டிக் குவிக்காதீர்கள், ஈரம் தங்கிப் பட்டை அழுகும். ஊன்றுகோலில் கட்டிய கயிற்றையும் கவனியுங்கள். மரம் பருக்கப் பருக்க அது பட்டையை அறுத்து உள்ளே இறங்கும். தளர்த்திவிட ஐந்து நிமிடம் போதும். இப்படி நெரிபட்ட மரங்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் பதறும்.

குனிந்து வேலை செய்ய முடியாத நாளில் ஐநேச்சுரலிஸ்ட் செயலியில் செடிகளையும் பறவைகளையும் படமெடுத்துப் பதியலாம்.

சீரழிந்து கிடந்த நியூயார்க் சென்ட்ரல் பூங்காவை மீட்க 1980இல் குடிமக்கள் ஓர் அமைப்பையே தொடங்கினார்கள். நகர நிர்வாகத்தோடு கைகோத்துத்தான் அதைச் செய்தார்கள். நீங்களும் மேற்பார்வையாளரைப் பார்த்துவிட்டு, அவர் என்ன சொன்னார் என்று எழுதுங்கள்.