துணியில் நீர்வண்ணம் நிற்குமா?

கேள்வி: நொய்யல் ஆற்றில் கலந்த சாயக்கழிவையும், 2011-ல் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன நாட்களையும் பனியன் கட்டிங் வேஸ்ட்டில் நீர்வண்ணத்தால் வரைந்து, மேலே நூலால் தைக்கிறேன். லேசாக ஈரம் பட்டாலும் நிறம் கசிகிறது. ஸ்பிரே அடித்தால் நிற்குமா? கண்காட்சி ஏற்பாட்டாளர் ஒருவர் பங்கேற்புக் கட்டணமும், ஒரு தாளில் கையெழுத்தும் கேட்கிறார். கொடுக்கலாமா? - வாசகி, திருப்பூர்

பதில்: ஸ்பிரேக்குச் செலவழிக்காதீர்கள். நீர்வண்ணத்தில் நிறத்தைப் பிடித்து வைப்பது பிசின். காய்ந்த பிறகும் தண்ணீர் பட்டால் அது மறுபடி கரையும். பனியன் துணியில் மிருதுவாக்கும் சாஃப்ட்னர் வேறு ஏற்றியிருப்பார்கள். நிறம் சீராக இறங்காது. துணியைச் சோப்புப் போட்டு அலசுங்கள். அக்ரிலிக் வண்ணத்தோடு, அதைத் துணியில் பிடிக்கவைக்கும் ஃபேப்ரிக் மீடியம் கலந்து, நீர்க்க வரையுங்கள். நன்றாகக் காய்ந்ததும் பின்பக்கம் இஸ்திரி போடுங்கள். துணி இழுபடாமலிருக்க அடியில் காடாத் துணி வைத்துத் தையுங்கள்.

நீர்வண்ணமேதான் வேண்டுமா? சரி, 300 ஜிஎஸ்எம் எடையுள்ள தடித்த பருத்திக் காகிதத்தில் வரைந்து, அதைத் துணியில் தையுங்கள். துளைகளைத் தள்ளித் தள்ளிப் போடுங்கள். நெருக்கினால் தபால்தலை மாதிரி கிழிந்து வரும்.

அப்புறம் அந்த ஏற்பாட்டாளர். சுவருக்கு உங்களிடமே வாடகை வாங்குகிறவருக்குப் படத்தை விற்றுக் கொடுக்கும் அக்கறை எதற்கு? அவர் லாபம் முதல் நாளே வந்துவிட்டது. கட்டணம் கொடுக்காதீர்கள். தாளில் 'சகல உரிமைகளும்' என்றிருந்தால் கையெழுத்தும் போடாதீர்கள். 1957 பதிப்புரிமைச் சட்டப்படி, படத்தை விற்றாலும் பதிப்புரிமை உங்களிடமே இருக்கும். எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தால்தான் கைமாறும். அதற்குத்தான் அந்தத் தாள்.

ஒரு விதிவிலக்கு உண்டு, கவனமாகப் படியுங்கள். ஒரு தொண்டு நிறுவனம் "நொய்யலைப் பற்றி வரைந்து கொடுங்கள்" என்று காசு பேசி, அதற்காகவே நீங்கள் வரைந்தால், வேறு ஒப்பந்தம் இல்லாதபோது முதல் உரிமையாளர் அந்த நிறுவனம்தான். நீங்கள் முன்பே வரைந்து வைத்ததை அவர்கள் வாங்கினால் இது பொருந்தாது. சொல்லி வரையவைத்தால் பொருந்தும். நல்ல நோக்கத்தோடு வருகிறவர்களிடம் எழுதிக் கேட்கக் கூச்சமாக இருக்கும். இருந்தாலும் தூரிகையைத் தொடும் முன்பே 'பதிப்புரிமை ஓவியருக்கே' என்று எழுதி, இரு தரப்பும் கையெழுத்திடுங்கள். இந்த ஒரு வரியைச் சொல்லித்தர நம் ஓவியப் படிப்புகளில் நேரமில்லை போலும்.

போட்டி விண்ணப்பங்களில் ஓவியம், கைவினை என்று தனித்தனிக் கட்டம் போட்டிருப்பார்கள். நூலைப் பார்த்ததும் கைவினைக்குத் தள்ளும் பழக்கம் இன்னும் போகவில்லை. நீங்கள் ஓவியத்திலேயே டிக் அடித்து அனுப்புங்கள்.