சிங்கம் அவ்வளவு வேகமாக ஓடியும் வேட்டையில் ஏன் அடிக்கடி கோட்டை விடுகிறது?

வேகம் இருக்கிறது, தம்தான் இல்லை. ஆப்பிரிக்காவின் செரெங்கெட்டி புல்வெளியில் வரிக்குதிரையைத் துரத்தும் பெண் சிங்கம் மணிக்கு 70 கிலோமீட்டருக்கு மேல்கூட எட்டலாம். ஆனால் கொஞ்ச தூரத்திலேயே நாக்குத் தள்ளிவிடும். காரணம் இதயம். அதன் எடை, உடல் எடையில் 1 சதவீதம்கூட இல்லை. விடாமல் ஓடும் கழுதைப்புலிக்கு, உடலளவோடு ஒப்பிட்டால், இதைவிடப் பெரிய இதயம்.

அதனால் ஓட்டத்தைவிடப் பதுங்கல்தான் முக்கியம். வயிறு தரையில் உரச, காதைத் தாழ்த்தி, புல்லுக்குள் ஊர்ந்து 30 மீட்டருக்குள் போனால்தான் வாய்ப்பு. வரிக்குதிரை தலையைத் தூக்கினால் சிங்கம் அப்படியே அசையாமல் நின்றுவிடும். பட்டப்பகலில், வெட்டவெளியில் இது நடக்கிற காரியமா? நிலா இல்லாத இரவுதான் தோது.

அப்புறம், ஆண் சிங்கம் சோம்பேறி என்பது சும்மா பேச்சு. அதுவும் வேட்டையாடும், அடர்ந்த புதரில் தனியாக ஒளிந்திருந்து பாய்வதால் நம் கண்ணில் படுவது குறைவு.